கைக்குள் சுழலும் திரிகை

பயணப் பையிலிருந்து சாண் நீளமுள்ள உருளை வடிவான கருவி ஒன்றை எடுக்கின்றனர். மூடியைத் திறந்து ஒரு பிடி வறுத்த காப்பிக் கொட்டையை இடுகின்றனர். மேலுள்ள கைப்பிடியைச் சில நிமிடங்கள் சுழற்றுகின்றனர். அடிப்பாகத்தைக் கழற்றினால் மணமிக்க தூள். ஊர்ப்பயணம் போகும் நம் இளைஞர் சிலரிடம் இக்கருவியை இப்போது காண்கிறோம். ஜப்பானிலும் ஜெர்மனியிலும் தைவானிலும் சீனத்திலும் செய்யப்பட்டு வருவதால், இதனை மேல்நாட்டாரும் கீழ்த்திசைத் தொழில்வல்லாரும் அண்மையில் கண்டறிந்த புதுமை என்றே பலரும் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. நம் பாட்டிமார் பயறு உடைத்த கல் திரிகைக்கு இது தம்பி முறை. உதுமானியர் ஆட்சிக்காலப் பித்தளைத் தொழிலாளருக்கோ இது நேர் வாரிசு. இதன் வரலாற்றை அறிய வேண்டுமாயின், முதலில் அதனுள் இடப்படும் கொட்டையின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

இரவு வணக்கமும் கஹ்வாவும்

காப்பிச் செடியின் பிறப்பிடம் அபிசீனியா. எனினும் அதன் கொட்டையைப் பானமாக்கி உலகறியச் செய்த பெருமை எமன் நாட்டு மெய்ஞ்ஞானிகளுக்கே உரியது. பதினைந்தாம் நூற்றாண்டில் அந்நாட்டு சூஃபியாக்கள், இஷாத் தொழுகைக்குப் பின் நெடுநேரம் நீடிக்கும் திக்ரு மஜ்லிஸ்களில் உறக்கம் கண்ணை மூடாதிருக்க இதனை அருந்தினர். பதினாறாம் நூற்றாண்டின் நடுவில், கஹ்வா ஆகுமானதே என்று நிறுவுவதற்காகவே அப்துல் காதிர் அல்ஜஸீரி என்னும் அறிஞர் அரபியில் ஒரு நூல் யாத்தார். ஏடனில் வாழ்ந்து ஹிஜ்ரி 875-இல் (கி.பி. 1470-71) மறைந்த ஜமாலுத்தீன் அத்தப்ஹானீ என்னும் மார்க்க அறிஞரே இப்பழக்கத்தை அங்குப் பரப்பியவர் என்னும் செய்தியை அவர் பதிவு செய்துள்ளார். மற்றொரு மரபு, மோக்கா துறைமுகத்தில் அடங்கியுள்ள அலீ இப்னு உமர் அஷ்ஷாதுலீ அவர்களை இப்பெருமைக்கு உரியவராகக் கூறும். அல்ஜீரிய நாட்டில் காப்பிக்கே 'ஷாதுலிய்யா' என்றொரு பெயர் வழங்கியது இதனாலேயே. காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் ஷாதுலிய்யா தரீக்காவின் ராத்திபு ஒலிக்கக் கேட்டு வளர்ந்த நமக்கு இப்பெயர் அயலானதன்று.

கெய்ரோவில் அல்அஸ்ஹரைச் சூழ்ந்த எமனியர் பகுதியில், செம்மண் பாண்டத்தில் கஹ்வாவை நிரப்பி, தலைவர் சிறு அகப்பையால் மொண்டு வலப்புறமாக வழங்க, அனைவரும் திக்ரு செய்தவாறே அருந்தினர் என்றும் அந்நூல் கூறுகின்றது.

கரியா, கனியா?

இப்பானம் எதிர்ப்பின்றி நிலைபெற்றதன்று. பழைய அரபு வழக்கில் 'கஹ்வா' என்னும் சொல் மதுவுக்கும் ஒரு பெயராக இருந்தது. ஐயம் எழ அதுவே போதுமானதாயிற்று. கி.பி. 1511-இல் (ஹிஜ்ரி 917) மக்கா நகரில் மம்லூக் ஆட்சியின் அதிகாரியாயிருந்த காயிர் பேக் என்பார், அறிஞர்களையும் மருத்துவர்களையும் கூட்டி, காப்பிக்குத் தடை விதித்தார். கொட்டை மூட்டைகள் தெருவில் எரிக்கப்பட்டன. ஆயினும் கெய்ரோவிலிருந்து வந்த சுல்தானின் ஆணை, முறைகேடான கூட்டங்களைக் கண்டித்ததேயன்றிப் பானத்தை முற்றாகத் தடுக்கவில்லை.

இஸ்தான்பூல் நகரில் வழக்கு வேறு வடிவம் எடுத்தது. ஹலபைச் சேர்ந்த ஒருவரும் டமாஸ்கஸைச் சேர்ந்த ஒருவரும் ஹிஜ்ரி 962-இல் (கி.பி. 1554-55) அங்குக் காப்பிக் கடைகளைத் திறந்தனர் என வரலாற்றாசிரியர் பெச்சவீ எழுதுகின்றார். நெருப்பில் தீய்ந்து கரியாகிப்போன பொருள் உண்ணத் தக்கதன்று என்பது எதிர்ப்பாளர் எடுத்துக்காட்டிய காரணங்களுள் ஒன்று. கொட்டை கரியாகும் அளவுக்கு வறுபடுவதில்லை என்னும் முடிவு பின்னர் வலுப்பெற்றது. சுல்தான் நான்காம் முராது 1633-இல் காப்பிக் கடைகளை மூடியதற்கும், அங்கே கூடிப் பேசுவோர் மீதிருந்த அச்சமே பெருங் காரணம்.

இந்த வழக்கில் நாம் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. கொட்டை பொன்னிறமா, பழுப்பா, கரியா என்பதைக் கொட்டையாக இருக்கும்போது எவரும் கண்ணால் கண்டு சொல்லலாம். தூளாகிவிட்ட பின்னர் அவ்வளவு எளிதில் சொல்லவியலாது. கண்முன்னே அரைத்தல் என்னும் வழக்கத்தின் மதிப்பு இங்கேதான் தொடங்குகின்றது.

உரலின் அழைப்பு

திரிகை வருமுன் உரலே இருந்தது. அபிசீனியாவில் இன்றும் காப்பிச் சடங்கின்போது உரலில் இட்டே இடிக்கின்றனர். அரபுப் பாலைவனத்துப் பதூவிகள் நீண்ட காம்புள்ள இரும்பு வாணலியில் கொட்டையை வறுத்து, ஆறவிட்டு, 'மிஹ்பாஜ்' எனப்படும் மர உரலில் இடித்தனர். அவ்விடி வெறும் இடியன்று, தாளக்கட்டுள்ள ஓசை. கூடாரத்திலிருந்து அவ்வோசை எழுந்தால், 'இங்கே காப்பி ஆயத்தமாகின்றது, வருவோர் வரலாம்' என்பது பொருள். அழைப்பிதழோ ஆளோ தேவைப்படவில்லை. விருந்தோம்பலைக் காதால் அறிந்த சமுதாயம் அது. 2015-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் அரபுக் காப்பியை ஈகைப் பண்பின் அடையாளமாகத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. துருக்கியரின் காப்பி மரபு 2013-லேயே அப்பட்டியலில் இடம்பெற்றிருந்தது.

அரபியர் காப்பிக்குச் சற்றுப் பருமனான தூளே போதும். துருக்கியர் முறையோ வேறு. அங்குத் தூளை வடிகட்டுவதில்லை. நீருடன் சேர்த்துக் காய்ச்சி அப்படியே கிண்ணத்தில் ஊற்றுவர். தூள் அடியில் படிய வேண்டும், நாவில் நெருடலாகாது. ஆதலின் அது மாவினும் மென்மையாக இருத்தல் வேண்டும். அவ்வளவு மென்மையை உரலில் பெற நெடுநேரம் இடித்துச் சலித்தாக வேண்டும். இத்தேவையே பித்தளைத் திரிகையின் தாய்.

பித்தளை உருளையின் அமைப்பு

அக்கருவி மேல், கீழ் என இரு அறைகள் கொண்ட ஒடுக்கமான உருளை. மேலறையில் கொட்டை, கீழறையில் தூள். நடுவே மேலிருந்து கீழாக ஓர் அச்சு. அவ்வச்சின் அடியில் பற்கள் வெட்டிய எஃகுக் கூம்பு. அக்கூம்பைச் சூழ்ந்து உட்புறம் பற்களுள்ள வளையம். கைப்பிடி சுழலக் கூம்பு சுழலும். கூம்பின் மேற்பகுதியிலுள்ள பெரிய பற்கள் கொட்டையை முதலில் உடைக்கும். உடைந்த துண்டுகள் இறங்க இறங்க இடைவெளி குறுகும். இறுதி விளிம்பில் அவை தூளாகும். அடியிலுள்ள திருகாணியை இறுக்கினால் தூள் மென்மையாகும், தளர்த்தினால் பருமனாகும். பயணத்தின்போது கைப்பிடியைக் கழற்றியோ மடித்தோ உருளைக்குள்ளேயே வைத்துவிடலாம். வணிகனின் சுமையிலும், படைவீரனின் மூட்டையிலும், ஹஜ்ஜுப் பயணியின் பையிலும் அடங்கத்தக்க வடிவம் அது. இன்றைய எஃகுத் திரிகைகளை அக்கக்காகக் கழற்றிப் பார்ப்போர் இதே உறுப்புகளை இதே வரிசையில் காண்பர். பற்களின் வெட்டு நுண்மை பெற்றுள்ளது. அச்சு அசையாதிருக்க உருளைத் தாங்கிகள் சேர்ந்துள்ளன. கருத்து பழையதே.

ஐரோப்பியர் இதனைத் தம் இல்லங்களுக்கேற்ப மாற்றினர். பிரெஞ்சு நாட்டு பெஜோ குடும்பத்தார், மோட்டார் வண்டி செய்வதற்கு நெடுங்காலம் முன்பே, 1840-இல் காப்பித் திரிகை செய்யத் தொடங்கினர். மடியில் வைத்து அரைக்கும் மரப்பெட்டித் திரிகையும் சுவரில் பொருத்தும் திரிகையும் பரவின. மேசை விளிம்பில் திருகி மாட்டும் இரும்புத் திரிகையை நம் தமிழ்நாட்டு இல்லங்களிலும் முதியோர் கண்டிருப்பர்.

இத்திரிகையின் வீழ்ச்சியும் இஸ்தான்பூலிலேயே தொடங்கியது. அதுவரை மக்கள் பச்சைக் கொட்டையை வாங்கி வீட்டில் வறுத்துத் தாமே அரைத்தனர். 1871-இல் மெஹ்மது எஃபெந்தி என்னும் வணிகர், எமினோனூப் பகுதியிலிருந்த தம் தந்தையின் கடையில், வறுத்து அரைத்த தூளையே விற்கலானார். வசதி பெரிது; உழைப்பு மிச்சம். வீட்டுத் திரிகைகள் மெல்ல மெல்லப் பரணுக்கு ஏறின. நம் நாட்டிலும் பின்னாளில் நிகழ்ந்தது இதுவே.

எதனை இழந்தோம்?

முதலாவது, மணம். வறுத்த கொட்டை முழுதாக இருக்கும்வரை அதன் நறுமண எண்ணெய்கள் உள்ளே காக்கப்படுகின்றன. அரைத்தவுடன் காற்றுப்படும் பரப்புப் பன்மடங்காகின்றது. மணம் விரைந்து நீங்குகின்றது. கொட்டை சில வாரங்கள் தாங்கும். தூள் சில நாட்களே தாங்கும்.

இரண்டாவது, நம்பிக்கை. காப்பித் தூளில் வறுத்த பார்லியும் கொண்டைக்கடலையும் புளியங்கொட்டையும் பேரீத்த விதையும் கலக்கப்படுவது உலகறிந்த மோசடி. சிக்கரியை அறிவித்துக் கலப்பது வேறு. அறிவியாது கலப்பது வேறு. தானியக் குவியலுள் கைவிட்டு அடியிலிருந்த ஈரத்தைக் கண்டு, அதனை மறைத்து விற்ற வணிகரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். திரிகை வைத்திருப்பவர் தம் வீட்டிலேயே அக்குவியலுள் கைவிட்டுப் பார்க்கின்றார். விருந்தினர் முன் அரைப்பவரோ அவருக்கும் அதனைக் காட்டுகின்றார்.

தேர்ந்தெடுப்பதும் பேணுவதும்

இம்மரபை மீண்டும் கைக்கொள்ள விழைவோர் சிலவற்றைக் கருத்திற்கொள்வது நன்று. கருவி வாங்கும்போது முதலில் அச்சைப் பிடித்து அசைத்துப் பார்த்தல் வேண்டும். அச்சு ஆடினால் கூம்பும் ஆடும். ஒரே பிடியில் மாவும் குருணையும் கலந்து வரும். மாவு கசக்கும், குருணை சாரம் இறங்காது நீர்க்கும், இரண்டும் சேர்ந்த காப்பி எவ்வளவு சர்க்கரை இட்டாலும் தேறாது. மின்விசையில் சுழலும் வெட்டலகுகளின் குறையும் இதுவே; அவை அரைப்பதில்லை, வெட்டிச் சிதறடிக்கின்றன. கைப்பிடி நீளமாயிருப்பின் கைக்கு உழைப்புக் குறையும். பற்கள் எஃகாயின் நெடுநாள் கூர்மை மங்காது, ஆனால் ஈரம் பட்டால் துருவேறக் கூடும். பீங்கானாயின் துருவேறாது, கீழே விழுந்தால் உடையும். பழம்பொருள் கடையில் கிடைக்கும் பித்தளைத் திரிகைகள் அழகானவையே. ஆனால் அவற்றின் உலோகக் கலவையும் பற்றும் யாதென அறியாமல் உணவுக்குப் பயன்படுத்துதல் தகாது. மிளகு அரைப்பதற்கும் இதே வடிவில் துருக்கியர் செய்வதுண்டு. கேட்டு வாங்குதல் வேண்டும்.

பயணத் திரிகை பெரும்பாலும் 20 முதல் 30 கிராம் வரையே கொள்ளும். துருக்கியக் காப்பிக்குச் சிறு கிண்ணம் ஒன்றுக்கு ஏறத்தாழ 7 கிராம் வேண்டும். எனவே ஒருமுறை அரைத்தால் மூவர் அல்லது நால்வர்க்குப் போதும். நம் பித்தளை வடிகட்டிக்கு அத்துணை மென்மை ஆகாது. நெருநெருவென்ற பொடி உப்பின் பதம் போதும். மிகவும் மென்மையானால் டிகாக்ஷன் இறங்காது. பருமனானால் நீர் விரைந்தோடி வெளிறிப்போகும். திருகாணியைச் சிறிது சிறிதாக மாற்றி, தம் இல்லத்துக்குரிய பதத்தை ஒருவர் இரண்டு மூன்று நாளில் கண்டுகொள்ளலாம். கொட்டையைத் தட்டில் பரப்பிக் கல் பொறுக்கிய பின்னரே இடுதல் வேண்டும். ஒரு சிறு கல் பற்களைக் கெடுத்துவிடும். பச்சைக் கொட்டையை ஒருபோதும் இடலாகாது. ஏலம் சேர்க்க விரும்புவோர் அதனைத் தனியே பொடித்துச் சேர்ப்பதே நன்று. இன்றேல் அம்மணம் திரிகையை விட்டு அகலாது. நீரால் கழுவாமல், உலர்ந்த தூரிகையால் துடைத்து வைத்தல் போதுமானது.

எஞ்சிய கடன்

பதினேழாம் நூற்றாண்டில் பாபா புதன் என்னும் இறைநேசர், ஹஜ்ஜிலிருந்து திரும்புகையில் எமனிலிருந்து ஏழு காப்பி விதைகளைக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் நட்டார் என்பது வழிவழி வந்த செய்தி. அம்மலை இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. தென்னாட்டார் காலையில் அருந்தும் காப்பிக்கு ஒரு ஹாஜியின் பயணப்பை தொடக்கமாயிற்று என்றே மக்கள் நினைவு கூறுகின்றது.

ஆனால் அவ்விதை பிறந்த எமனின் நிலை யாது? டச்சுக்காரர் ஜாவாவிலும் பிரெஞ்சுக்காரர் மேற்கிந்தியத் தீவுகளிலும் பயிரிட்டதும் மோக்காவின் தனிவாணிபம் சரிந்தது. மலைப்படிகளில் காப்பி நின்ற இடத்தைப் பெரும்பாலும் காத் செடி பிடித்துக்கொண்டது. 2014-இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் அம்மக்களைப் பசிக்கும் நோய்க்கும் ஆளாக்கியது. உலகத்தின் உறக்கத்தைக் கலைத்த நாட்டின் துயரம் உலகத்தின் உறக்கத்தைக் கலைக்கவில்லை.

எனவே, இக்கருவியைக் கையில் சுழற்றும் இளைஞரை நாம் கேலி செய்ய வேண்டுவதில்லை. அவர் அறியாமலே நம் முன்னோரின் பொருளொன்றைப் பரணிலிருந்து இறக்கியிருக்கின்றார். அருகே அமர்த்தி, தப்ஹானீயின் பெயரையும் மிஹ்பாஜின் ஓசையையும் அவருக்குச் சொல்வது நம் கடமை. அடுத்த முறை விருந்தினர் வரும்போது அடுப்படியில் அரைத்து முடிக்காமல், திரிகையைக் கூடத்துக்கே கொண்டுவந்து அவர் முன்னிலையில் சுழற்றச் சொல்லலாம். அந்தச் சில நிமிடங்கள் வீணல்ல. எமன் மக்களின் நல்வாழ்வுக்காக ஒரு துஆச் செய்ய அவை போதுமானவை.