ஓடாத திரைப்பதிவு: கைவைக்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ இருக்கும் பிள்ளைகள் ஊரிலுள்ள தாயோடு காணொளி அழைப்பில் பேசும்போது, அதைத் திரைப்பதிவாக எடுத்து வைப்பது இன்று பல குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. 2009இல் யாரை எந்த இடத்தில் கடைசியாகக் கண்டேன், எந்தச் சாவடியில் மகனை ஒப்படைத்தேன் என்று அம்மா எந்த நாளில் வாய் திறப்பார் என்பது யாருக்கும் முன்கூட்டியே தெரியாது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் நடத்தும் போராட்டங்களின் நேரலைகளையும், அவை நீக்கப்பட்டுவிடுமோ என்ற பயத்தில் பலர் திரையிலிருந்தே பதிவு செய்து வைக்கிறார்கள். சில மாதங்கள் கழித்துக் கணினியில் போட்டுப் பார்த்தால் கோப்பு இருக்கிறது, படம் ஓடுவதில்லை. அல்லது சாதாரணமாக ஓடுகிறது, வெட்டித் தொகுக்கும் மென்பொருள் மட்டும் ஏற்க மறுக்கிறது.

இப்படிப்பட்ட கோப்புகளில் பெரும்பாலானவை கெட்டுப்போனவை அல்ல. உண்மையில் அவற்றைக் கெடுப்பது அதன்பின் நாம் அவசரத்தில் செய்யும் "திருத்தம்"தான். ஆகவே எதைச் செய்வதற்கு முன்னும் மூலக்கோப்பைப் பிரதி எடுத்து, மூலத்தைத் தொடாமல் வேறொரு வன்தட்டில் வைத்துவிடுங்கள். இனிச் சொல்பவை எல்லாம் அந்தப் பிரதியில் செய்ய வேண்டியவை. பிரதி எடுக்கும்போது ஒரு சிக்கல் வரலாம். பழைய முறையில் வடிவமைக்கப்பட்ட பென் ட்ரைவ்கள் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரு கோப்பை ஏற்காது. கோப்பு பெரியது என்று தகவல் வந்தால் வேறு தட்டைப் பயன்படுத்துங்கள். உள்ளே வேறு பதிவுகள் இருக்கும் ட்ரைவை அந்த நேரத்தில் ஃபோர்மட் பண்ண வேண்டாம்.

அடுத்து வி.எல்.சி. பிளேயரில் திறந்து பாருங்கள். இலவசமானது, ஏறக்குறைய எல்லா வகைக் கோப்புகளையும் ஓட்டக்கூடியது. அதில் ஓடினால் பதிவு நலமாக இருக்கிறது. மற்ற மென்பொருளுக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை என்பதே பிரச்சினை. காணொளிக் கோப்பு என்பது ஒரு பெட்டி. எம்.பி.4, எம்.கே.வி., வெப்எம் என்பவை பெட்டியின் பெயர்கள். உள்ளே படம் எச்.264, அதன்பின் வந்த எச்.265 போன்ற ஏதாவதொரு முறையில் சுருக்கப்பட்டிருக்கும். சில மென்பொருள்களுக்குப் பெட்டியைத் திறக்கத் தெரியாது, சிலவற்றுக்கு உள்ளிருப்பது புரியாது. கோப்புப் பெயரின் கடைசி எழுத்துக்களை மாற்றி எழுதுவது பெட்டியின் மேல் வேறு லேபல் ஒட்டுவது போன்றது. உள்ளே எதுவும் மாறாது.

எது சிக்கல் என்று கண்டுபிடிக்க மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். எச்.265 என்று காட்டினால், விண்டோஸ் கணினியின் சொந்தப் பிளேயர் கூடுதல் நீட்சி ஒன்றை வாங்கச் சொல்வதற்கான காரணம் அதுவே. பார்ப்பதற்கு மட்டும் என்றால் வாங்கத் தேவையில்லை, வி.எல்.சி. போதும். பெட்டி எம்.கே.வி. என்றால், ஓ.பி.எஸ். மென்பொருளின் ஃபைல் பட்டியலில் 'ரீமக்ஸ் ரெக்கோர்டிங்ஸ்' என்றிருப்பதைப் பயன்படுத்தி எம்.பி.4 பெட்டிக்கு மாற்றலாம். இதில் படமோ சத்தமோ மறுபடி சுருக்கப்படுவதில்லை, தரம் குறையாது, சில நொடிகளில் முடிந்துவிடும். இணைய உலாவிக்குள்ளேயே எடுத்த வெப்எம் பதிவுகளில் மொத்த நேரம் காட்டாமலும் நடுவிலே நகர்த்த முடியாமலும் இருப்பது பொதுவான குறை. எம்.கே.வி.டூல்நிக்ஸ் மென்பொருளில் போட்டு எடுத்தால் விடுபட்ட அட்டவணை புதிதாக எழுதப்பட்டுவிடும்.

மிகவும் குழப்புவது இன்னொன்று. வி.எல்.சி.யில் நன்றாக ஓடும் பதிவு, தொகுப்பு மென்பொருளில் போட்டதும் வாய் ஒருபக்கம் சத்தம் ஒருபக்கம் என்று விலகிப் போகும். ஒரு மணிநேரப் பேச்சில் தொடக்கத்தில் தெரியாத விலகல் முடிவில் பல நொடிகளாகிவிடும். கமெரா நொடிக்கு 25 அல்லது 30 படங்கள் என்று சீராக எடுக்கிறது. கைபேசியின் திரைப்பதிவோ திரை மாறும்போது நிறையப் படங்களையும், அம்மா பேசாமல் இருக்கும் நேரத்தில் மிகச் சிலவற்றையும் எழுதுகிறது. மீடியாஇன்ஃபோ இதை 'வேரியபிள்' என்று காட்டும். சீரான வேகத்தை எதிர்பார்க்கும் மென்பொருள் இங்கேதான் தடுமாறுகிறது. ஹான்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'வீடியோ' பகுதிக்குச் சென்று வேகத்தை 30 ஆக்கி, 'கொன்ஸ்ரன்ட் ஃபிரேம்ரேட்' என்பதைத் தெரிந்து மாற்றினால் சரிவரும். இது மறுபடி சுருக்கும் வேலை என்பதால் நேரம் எடுக்கும், தரமும் சற்றுக் குறையும். தொகுப்பதற்கு அந்தப் பிரதி போதுமானது.

வி.எல்.சி.யிலும் ஓடாவிட்டால் கோப்பின் அளவைப் பாருங்கள். பூச்சியம் என்றால் அதில் ஒன்றும் எழுதப்படவில்லை. நூற்றுக்கணக்கான மெகாபைட் இருந்தும் ஓடாவிட்டால் பெரும்பாலும் பதிவு நடுவில் அறுந்திருக்கிறது: மின்சாரம் போயிருக்கும், பற்றரி முடிந்திருக்கும், கைபேசியில் இடம் நிறைந்திருக்கும். எம்.பி.4 கோப்பில் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை வழமையாகப் பதிவு முடிந்த பின்னரே எழுதப்படும். அது எழுதப்படாவிட்டால் பேச்சு முழுவதும் உள்ளே இருந்தாலும் பிளேயருக்கு வழி தெரியாது. அன்ட்ரங்க் என்ற திறந்தமூல மென்பொருள் இதற்கு உதவும். அதே கைபேசியில், அதே அமைப்பில், திரையை அதே பக்கமாகப் பிடித்து எடுத்த நல்ல பதிவொன்றை அதற்கு மாதிரியாகக் கொடுக்க வேண்டும். அந்தக் கைபேசியை விற்றுவிடாதீர்கள், அமைப்பை மாற்றாதீர்கள் என்பது இதனால்தான். சூம் அழைப்பு என்றால் இன்னும் எளிது: கணினி இடையில் நின்றிருந்தால், பதிவுக் கோப்புறையில் மாற்றப்படாத கோப்பு ஒன்று காத்திருக்கும். அதன் மேல் இருமுறை சொடுக்கினால் மாற்றம் தொடரும். கோப்பு தவறுதலாக அழிந்திருந்தால் அந்த அட்டையில் வேறெதையும் எழுதாமல் நிறுத்திவிட்டு, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் தேடலாம்.

திருத்தவே முடியாதது ஒன்றும் உண்டு. கைபேசியில் எடுத்த வட்ஸ்அப் அழைப்புப் பதிவுகள் பலவற்றில் எதிர்முனையின் குரல் இருக்காது. அழைப்புகளின் சத்தத்தைத் திரைப்பதிவு எடுக்க முடியாதபடி கைபேசி இயங்குதளங்களே தடுக்கின்றன. பதியாத குரலை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. முக்கியமான பேச்சுக்கு முன் ஒரு நிமிடம் பதிந்து போட்டுக் கேளுங்கள்.

இணையத்தில் "உங்கள் காணொளியை இலவசமாகத் திருத்தித் தருகிறோம்" என்று அழைக்கும் தளங்களுக்குச் சாட்சியப் பதிவுகளை ஏற்ற வேண்டாம். முகமும் பெயரும் ஊரும் அடங்கிய கோப்பு யாருடைய கணினியில் போய்த் தங்குகிறது என்று உங்களுக்குத் தெரியப் போவதில்லை. தெரிந்த கடையில் கொடுப்பதானாலும் பக்கத்தில் இருந்து செய்விப்பது நல்லது.

மூலத்தைத் தொடாதீர்கள் என்று வற்புறுத்துவதற்கு நம் அனுபவத்திலேயே காரணம் இருக்கிறது. 2009 ஓகஸ்டில் பிரித்தானியாவின் சனல் 4 ஒளிபரப்பிய படுகொலைக் காணொளியைப் போலி என்று இலங்கை அரசாங்கம் மறுத்தது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன் மூன்று நிபுணர்களைக் கொண்டு ஆராய்ந்து, அது உண்மையானதாகவே தோன்றுகிறது என்று 2010 ஜனவரியில் அறிவித்தார். ஆயினும் கோப்பினுள் பதிந்திருந்த 2009 யூலை 17 என்ற திகதிக்கும் இறுதியில் இருந்த 17 படச்சட்டங்களுக்கும் விளக்கம் கிடைக்கவில்லை என்று அவரே குறிப்பிட வேண்டியிருந்தது. சில படச்சட்டங்களும் ஒரு திகதியும் எவ்வளவு பெரிய வாதத்துக்கு இடம் கொடுக்கும் என்பதற்கு இதுவே போதும். இலங்கையின் 1995ஆம் ஆண்டு 14ஆம் இலக்க சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டமும், பதிவு மாற்றப்படாமல் பாதுகாப்பில் இருந்ததா என்பதைக் கேட்கிறது. 2021இல் நிறைவேறிய 46/1 தீர்மானத்தின் கீழ் ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாத்து வருகிறது. அப்படியான இடத்துக்கு நாளை உங்கள் பதிவு போகுமானால் ஹான்ட்பிரேக் செய்த பிரதியை விட, ஓடாத மூலத்துக்கே மதிப்பு அதிகம்.

ஆகவே மூலத்தின் ஷா-256 எண்ணை எடுத்து எழுதி வையுங்கள். செவன்-சிப் நிறுவிய கணினியில் கோப்பின் மேல் வலப்பக்கச் சொடுக்கில் அது கிடைக்கும். கோப்பில் ஒரு துளி மாறினாலும் இந்த எண் முற்றாக மாறிவிடும். யார், எந்தக் கைபேசியில், எந்தத் திகதியில் பதிந்தது, பிரதியில் என்ன செய்யப்பட்டது என்பதையும் அதே கொப்பியில் குறியுங்கள். உறவினருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவதானால் காணொளியாக அனுப்பாமல் 'டொகியுமென்ட்' ஆக அனுப்புங்கள்; இல்லாவிட்டால் அது மறுபடி சுருக்கப்பட்டே போய்ச்சேரும். இனிமேல் கணினியில் பதிவதானால் ஓ.பி.எஸ்.இல் எம்.கே.வி. என்று வைத்தே பதியுங்கள். மின்சாரம் போனாலும் அதுவரை பேசியது மிஞ்சும்.