முடிவை யார் எழுதுவது? முட்டம் கரையிலிருந்து தலைமைப் பயிற்சி குறித்துச் சில கேள்விகள்

‘தலைமைப் பயிற்சி’ என்ற சொல் இன்று கம்பெனிக்காரர்களிடமும் தொண்டு நிறுவனங்களிடமும் ஒரே மாதிரிப் புழங்குகிறது. ஒரு கதையைச் சொல்லி, சிக்கலான இடத்தில் நிறுத்தி, ‘இந்த இடத்துல நீங்க இருந்தா என்ன செய்வீங்க?’ என்று கேட்கிறார்கள். அல்லது ஒரு பாவனை நிலைமையை உருவாக்கி, ஆளுக்கொரு வேஷம் கொடுத்து முடிவெடுக்கச் சொல்கிறார்கள். இது ஏதோ கம்ப்யூட்டரோடு வந்த புதுச்சரக்கு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அப்படியில்லை. பஞ்சதந்திரத்தின் சட்டகமே தலைமைப் பயிற்சிதான்: மூன்று ராஜகுமாரர்களுக்கு ஆளக் கற்றுத்தர ஒரு பிராமணன் கதை சொல்கிறான். வேதாளம் விக்கிரமாதித்தனிடம் கதை சொல்லிக் கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை வெடித்துவிடும். கேட்பவனைக் கதைக்குள் இழுத்துத் தீர்ப்புச் சொல்ல வைக்கும் உத்தி நமக்குப் பழையது. ஆனால் இரண்டிலும் பயிற்சி பெறுபவன் அரசன். குடிகள் கதைக்குள் வருகிறார்கள், கேள்வி அவர்களிடம் வருவதில்லை.

நவீன காலத்திலும் இந்தக் கோடு மாறவில்லை. 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய ராணுவ அதிகாரி வரைபடம், சிறு கட்டைகள், பகடை, ஒரு நடுவர் இவற்றைக் கொண்டு போர் விளையாட்டுக்கு விதிகள் வகுத்தார். பிரஷ்யப் படை அதை அதிகாரிகளுக்கான பயிற்சியாக ஏற்றுக்கொண்டது. 1920களில் ஹார்வர்டு வணிகப் பள்ளி, ஒரு நிறுவனத்தின் நெருக்கடியைக் கதையாக எழுதி மாணவரை முதலாளியின் நாற்காலியில் உட்காரவைத்து விவாதிக்கும் முறையைப் பரவலாக்கியது. கட்டையாக நகர்த்தப்படும் சிப்பாய்க்கும், கதைக்குள் ஆட்குறைப்பு செய்யப்படும் தொழிலாளிக்கும் அந்த அறையில் நாற்காலி கிடையாது.

சரி, இதுக்கும் முட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் மீன் வழியாக வருகிறது. ‘வளர்ச்சியின் எல்லைகள்’ (1972) அறிக்கையை எழுதியவர்களில் ஒருவரான டென்னிஸ் மெடோஸ், 1980களில் ‘ஃபிஷ் பேங்க்ஸ்’ என்றொரு விளையாட்டை உருவாக்கினார். உலகெங்கும் மேலாளர்களுக்கும் மாணவர்களுக்கும் நடத்தப்படுவது அது. ஒவ்வொரு குழுவும் ஒரு மீன்பிடி நிறுவனம். ஆண்டுக்கு ஆண்டு படகு வாங்கலாம், விற்கலாம், ஆழ்கடலுக்கோ கரையோரத்துக்கோ அனுப்பலாம். பெரும்பாலும் எல்லோரும் போட்டிபோட்டுப் படகு வாங்குகிறார்கள், கடல் காலியாகிவிடுகிறது. பொதுச்சொத்து இப்படித்தான் அழியும் என்று 1968இல் காரெட் ஹார்டின் எழுதிய கருத்தின் நாடக வடிவம் போல அமைகிறது ஆட்டம். கூடிப்பேசி விதி செய்துகொள்ளாவிட்டால் அழிவு என்பது பாடம். நல்ல பாடம்தான்.

ஆனால் அந்த ஆட்டத்தை முட்டம் கரையில் வைத்துப் பார்த்தால் முதல் விதியிலேயே இடிக்கிறது. எல்லாக் குழுவும் ஒரே மாதிரிக் கம்பெனியாகத் தொடங்குகிறது. குமரிக் கடலில் யாரும் அப்படித் தொடங்கவில்லை. 1953இல் கொல்லம் பக்கத்து நீண்டகரையில் தொடங்கிய இந்தோ-நார்வேத் திட்டமும் அதையடுத்து அரசுகள் கொடுத்த மானியங்களும் விசைப்படகைக் கொண்டுவந்தன. இறால் ஏற்றுமதி இழுவைமடியைக் கொழுக்கவைத்தது. கட்டுமரமும் வள்ளமும் வைத்திருந்தவன் போட்டியில் தோற்கவில்லை. அவனைக் கேட்காமல் ஆட்டத்தின் விதி மாற்றப்பட்டது. வலை அறுந்து, மோதல் வெடித்து, உயிர்ச்சேதமும் ஆன பிறகுதான் 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல் பாரம்பரிய மீனவருக்கு என்று அது ஒதுக்கியது. ‘பேராசையால் எல்லோருமாகச் சேர்ந்து கடலை அழித்தோம்’ என்ற கதையாடலில் இந்த வரலாறு முழுக்கக் கரைந்துபோகிறது. பாவனை விளையாட்டின் கருத்தியல் அதன் முடிவில் இல்லை, தொடக்க நிலையில் இருக்கிறது.

இதற்கு எதிரான மரபு ஒன்றும் உண்டு. பிரேசிலின் பாவ்லோ ஃப்ரெய்ரே எழுத்தறிவை உலகைப் பெயரிட்டுக் கேள்வி கேட்கும் செயலாக மாற்றினார். அவர் வழியில், 1973இல் பெரு நாட்டு எழுத்தறிவுத் திட்டத்தில் வேலை செய்த அகஸ்தோ போவால், ஒடுக்கப்பட்டவரின் ஒரு சிக்கலை நடித்துக்காட்டி நிறுத்தி, பார்வையாளரிடம் தீர்வு கேட்டார். அவர்கள் சொல்லச் சொல்ல நடிகர்கள் நடித்தார்கள். ஒரு பெண்ணுக்கு மட்டும் திருப்தியே வரவில்லை. தான் சொன்னது இதுவல்ல என்று அவளே மேடையேறி நடித்துக்காட்டிவிட்டாள் என்று போவால் எழுதுகிறார். விவாத அரங்கம் பிறந்தது அங்கே. பின்னாளில் ரியோ டி ஜெனிரோ நகரமன்ற உறுப்பினராக (1993-96) இருந்தபோது, இப்படி மக்கள் நடித்துக் கண்ட தீர்வுகளிலிருந்து 13 சட்டங்களை அவரால் நிறைவேற்ற முடிந்தது.

இந்தக் காற்று தமிழ்நாட்டுக்கும் வந்தது. 1980இல் சென்னை அருகே சோழமண்டலத்தில் பாதல் சர்க்கார் நடத்திய பட்டறை நம் நவீன நாடகக்காரர்களை மேடையிலிருந்து தெருவுக்கு இறக்கியது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் கலைப்பயணங்கள் குமரி மாவட்டத்துக்கும் வந்தன. ஆனால் நம் வீதி நாடகம் பெரும்பாலும் முடிவைக் கையோடு கொண்டுவந்தது. கடைசிக் காட்சியில் எல்லோரும் கைகோத்து நின்று சேதி சொல்லுவார்கள். கத்தோலிக்கக் கடற்கரைகளின் பாஸ்கா நாடகத்துக்கும் இதற்கும் இந்த ஒரு விஷயத்தில் வித்தியாசம் இல்லை: முடிவு எல்லோருக்கும் முன்பே தெரியும்.

முட்டத்தில் நடந்த வேறொன்றை இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூக சேவைச் சங்கம் குமரிக் கரையூர்களில் மீனவர் சங்கங்களைக் கட்டியது. கடன் கொடுத்து மீனை முன்கூட்டியே வளைத்துக்கொள்ளும் தரகனிடமிருந்து விற்பனையை மீட்பதுதான் நோக்கம். முட்டத்துப் படகு கட்டும் பட்டறையில், பெல்ஜியத்துக்காரரான பியர் ஜிலே மீனவர்களோடு சேர்ந்து ஒட்டுப்பலகையில் கட்டுமரமும் படகும் செய்துபார்த்தார். 1985இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பே ‘சிறியது கடினம்’ என்று பொருள்படுவது. ‘சிறியதே அழகு’ என்ற ஷூமாக்கரின் வாசகத்தைக் கிண்டல் செய்யும் தலைப்பு. காகிதத்தில் வரைந்ததைக் கடல் திருத்தும், கடலுக்குப் போகிறவன் திருத்துவான். நான் பார்க்கும் அளவில், முட்டத்தில் நடந்த உண்மையான பாவனைப் பயிற்சி இதுதான். பிழைக்கு இடமுண்டு, பிழையைச் சொல்லும் உரிமை உழைப்பவனுக்கு உண்டு.

1989 ஏப்ரலில் தேசிய மீனவர் பேரவை ‘நீரைக் காப்போம், உயிரைக் காப்போம்’ என்ற முழக்கத்தோடு கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் நெடும்பயணம் நடத்தியது. இரு பயணங்களும் மே 1 அன்று கன்னியாகுமரியில் சந்தித்தன. அங்கே காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இல்லாத காட்சி அது. இருந்தும் சங்கம், கணக்கு, ஏலம், கூட்டம் என்று ஆண்டுக்கணக்காகப் பழகிய கரைகளிலிருந்துதான் அந்தக் கூட்டம் வந்தது.

இதைப் புகழ்பாட்டாக முடித்துவிடக் கூடாது. அந்தச் சங்கங்களில் கேள்வியைத் தேர்ந்தெடுத்தவர் பெரும்பாலும் பங்குத்தந்தையோ அமைப்பாளரோதான். முட்டத்தை அடுத்த கடியப்பட்டணத்தை ஆய்ந்து கல்பனா ராம் 1991இல் வெளியிட்ட நூல், கரையில் கடனையும் குடும்பப் பணத்தையும் புரட்டுவது பெண்கள் என்பதைக் காட்டியது. கடவம் சுமந்து பஸ்ஸில் ஏறவிடாமல் விரட்டப்படுகிறவள் கதைக்கு மீனவர் தலைமைப் பயிற்சியில் எத்தனை அமர்வு கிடைத்தது? கடல் ஆணுக்கு, கூட்டமும் ஆணுக்கு என்றால் அங்கே நடப்பது பாதி ஊரின் ஒத்திகை.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு ‘பாவனை’ அரசாங்கத்தின் சொல்லாயிற்று. 2007இல் ஹைதராபாதில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் வந்தது. 2016 செப்டம்பர் 7, 8 தேதிகளில் இந்துமாக்கடல் நாடுகள் சேர்ந்து ஒத்திகை நடத்தின. சுமத்ராவிலும் மக்ரானிலும் கற்பனை நிலநடுக்கம், உண்மையான செய்திப் பரிமாற்றம். ஒத்திகை தேவைதான், அதை மறுப்பது மடமை. ஆனால் இத்தகைய ஒத்திகையில் மீனவனுக்குத் தரப்படும் வேஷம் ஒன்றே: சங்கு ஊதினால் எழுந்து ஓடுபவன். அடுத்த ஆண்டே, 2017 நவம்பர் 30 அன்று, ஒக்கிப் புயல் வந்தது. ‘கடலுக்குப் போகாதே’ என்ற எச்சரிக்கை, ஏற்கெனவே போய்விட்டவனை நினைக்கவில்லை. தூத்தூர் வட்டாரத்தின் பலநாள் தங்கும் படகுகள், கரையின் குரல் எட்டாத தூரத்தில் இருந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட குமரி மீனவர்கள் திரும்பவில்லை. தேடிப் போகத் தங்கள் படகுகளையே எடுத்தார்கள் கரையூர்க்காரர்கள். டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்தில் உட்கார்ந்தார்கள். பிரதியில் இல்லாத பாத்திரங்கள் மேடையேறிய தருணம் அது. அவர்களை யாரும் ஒத்திகைக்கு அழைத்திருக்கவில்லை.

ஆகவே ஆட்டத்தை விட்டுவிடுவதா? வேண்டாம், நம்முடையதாக ஆக்கலாம். முட்டத்தில் ஒன்று நடத்துவதாக வைத்துக்கொள்வோம். பத்து வள்ளம், ஒரு விசைப்படகு, கடன் கொடுத்த ஏலக்காரர், கடவத்தோடு ஒரு பெண், தாமதமாக வரும் மீன்துறை அதிகாரி, ஒரு பங்குத்தந்தை. விசைப்படகுக்காரன் வள்ளம் எடுக்கட்டும், பங்குத்தந்தை கடவம் சுமக்கட்டும். அவள் அதிகாரியின் நாற்காலியில் உட்காரட்டும். ‘இந்த விதியை யாரு போட்டது?’ என்று ஒருவர் கேட்டால் ஆட்டத்தை நிறுத்தி, விதியை அங்கேயே மாற்றி எழுதிவிட்டுத் தொடரவேண்டும். அந்தக் கேள்வி ஓர் ஆட்டத்திலும் எழவில்லையென்றால், நடத்துபவரை மாற்றவேண்டும். அமைப்பாளர்களான நமக்கு இதில் கஷ்டமானது அந்தக் கடைசி விதிதான்.