ஆற்றங்கரையில் நின்ற இருப்புப் பாதை

இருப்புப் பாதை உத்தியோகத்தில் காலங்கழிக்கும் நமக்கு, பாதை ஒன்று பாதியில் நின்றுபோவதென்றால் மனம் ஒப்புவதில்லை. அப்பால் ஓர் ஊர் இருந்தாக வேண்டும் என்பது நமது எண்ணம். முர்ஷிதாபாத் ஜில்லாவிலுள்ள லால்கோலா அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கிய ஊர்.

சியால்தாவிலிருந்து வடக்கே செல்லும் அப்பாதையில் வந்த பிரயாணிகள், முற்காலத்தில் லால்கோலா படித்துறையில் இறங்கிப் பத்மா நதியைக் கடப்பர். எதிர்க்கரையில் ராஜ்ஷாஹி ஜில்லாவின் கோதாகாரியில் மறுபடியும் வண்டி ஏறுவர். 1947-இல் தேசம் பிரிந்தது. ஆறே எல்லையாயிற்று. டிக்கட்டு கொடுத்த கரை அந்நிய நாடாகிவிட்டது.

ராஜ்ஷாஹியில் கல்வி பயின்றவர் வங்கத் திரைப்பட டைரக்டர் ரித்விக் கட்டக். 1925-இல் டாக்காவில் பிறந்தவர். 1961-இல் வெளிவந்த 'கோமல் காந்தார்' படத்திற்காக அவர் தமது காமிராவை இந்த லால்கோலாவுக்கே கொண்டு சென்றார். (கோமல் காந்தாரம் என்பது நமது சங்கீதத்தில் சாதாரண காந்தாரம், மார்கழிக் கச்சேரிகளைத் தவறவிடாத நமது காலனிப் பெண்மணிகளுக்கு விளக்க வேண்டியதில்லை.) நாடகக் குழுவைச் சேர்ந்த பிருகுவும் அனசூயாவும் பாதை முடியுமிடத்தில் நின்று, போக முடியாத எதிர்க்கரையைப் பார்த்துப் பேசுகிறார்கள். பின்னர் காமிராவே தண்டவாளத்தின்மீது விரைந்தோடுகிறது. படகோட்டிகளின் அபயக் குரல் ஓங்குகிறது. முட்டுக்கட்டை எதிரே வந்ததும் திரை முழுதும் இருள்!

துப்பாக்கி இல்லை, சிப்பாய் இல்லை. எனினும் பிரிவினையை இவ்வளவு கடுமையாகச் சொன்ன காட்சி வேறொன்றை நாம் கண்டதில்லை. நமது உத்தியோகப் பாசத்தால் சொல்லுகிறோமோ என்னவோ! ஆனால் ஜனங்கள் அப்படத்தை ஆதரிக்கவில்லை. அவரே தயாரித்த படமாதலால் நஷ்டமும் அவர் தலையில் விழுந்தது. புண் ஆறுமுன் அதைத் தொட்டுக் காட்டியவரை யார் வரவேற்பர்?

வங்காள தேசம் உதயமான பிறகே அவரால் அக்கரைக்குச் சென்று படமெடுக்க இயன்றது. மீனவ மக்களைப் பற்றிய 'திதாஸ் ஏக்டி நதீர் நாம்' 1973-இல் வந்தது. 1976-இல், ஐம்பதே வயதில், அவர் காலமானார்.

படம் வந்தபோது வேறு வழிகளில் கிழக்கு வங்கத்துக்கு வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. 1965 யுத்தத்தில் அவையும் நின்றன. கல்கத்தாவிலிருந்து டாக்காவுக்கு மைத்ரி எக்ஸ்பிரஸ் புறப்பட்டது 2008 ஏப்ரல் 14-இல்தான். 2024 ஜூலையில் அதுவும் நிறுத்தப்பட்டது. அந்த வண்டியும் கேதே வழியாகவே சென்றது; லால்கோலா வழியாக அல்ல.