மகாதேவ தேசாயும் நவஜீவன் காலத்து மொழிபெயர்ப்பும்

ஆங்கிலேயர் ஆட்சியில் பம்பாய் மாகாண அரசு 'ஓரியண்டல் டிரான்ஸ்லேட்டர்' என்னும் பெயரில் ஓர் அலுவலகத்தை நடத்திவந்தது. குஜராத்தி, மராத்தி முதலிய மொழிகளில் வெளியான இதழ்களைப் படித்து, அவற்றில் எழுதப்படுவனவற்றை ஆங்கிலத்தில் சுருக்கி அரசின் மேலிடத்துக்கு அனுப்புவது அதன் பணி. மொழிபெயர்ப்பு அங்கே மக்களின் பேச்சை வேவு பார்க்கும் கருவியாக இருந்தது. சூரத் மாவட்டத்துச் சரஸ் என்னும் சிற்றூரில் 1892 ஜனவரி 1 அன்று பிறந்து, பம்பாய் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் பயின்ற மகாதேவ தேசாய், இளமையில் சில காலம் அந்த அலுவலகத்தில்தான் வேலை பார்த்தார். கொள்கையில் விட்டுக்கொடுப்பது எந்த எல்லைவரை தகும் என்று ஆராயும் ஜான் மார்லியின் ஆங்கில நூலை அவர் குஜராத்தியில் பெயர்த்து, ஃபார்பஸ் குஜராத்தி சபையின் பரிசைப் பெற்றதும் அந்த ஆண்டுகளில்தான். பின்னாளில் இணக்கப் பேச்சுகளின் நடுவிலேயே வாழப்போகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி அமைந்திருக்க முடியாது.

1917 நவம்பரில் காந்தியின் செயலராகச் சேர்ந்த அவர் அம்மாதம் 13ஆம் நாள் தொடங்கிய நாட்குறிப்பு, காந்தி யாரிடம் என்ன பேசினார், எதிரில் இருந்தவர் என்ன விடை சொன்னார் என்பவற்றை நாள்தோறும் பதிந்துவைத்த ஆவணமாக வளர்ந்தது. அடுத்த ஆண்டிலேயே அகமதாபாத் நூற்பாலைகளில் கூலிப் பூசல் மூண்டது. ஆலை முதலாளிகள் 20 விழுக்காட்டு உயர்வுக்கு மேல் தர மறுக்க, தொழிலாளர்கள் காந்தியின் வழிகாட்டலில் 35 விழுக்காடு கேட்டு நின்றனர். முதலாளிகளின் முன்னணியில் அம்பாலால் சாராபாயும், தொழிலாளர் பக்கம் அவருடைய உடன்பிறந்தவரான அனசூயாவும் இருந்ததால், ஒரே குடும்பம் இரு தரப்பாகப் பிரிந்து நின்ற போராட்டமாக அது அமைந்தது. காந்தியின் மூன்று நாள் உண்ணாநோன்புக்குப் பின், இரு தரப்பும் ஏற்கும் ஒருவரிடம் வழக்கை ஒப்படைக்கும் நடுவர் முறைக்கு உடன்பாடு ஏற்பட்டு, ஆனந்தசங்கர் துருவா நடுவராக அமர்ந்தார். இப்போராட்டத்தின் வரலாற்றை மகாதேவ் குஜராத்தியில் தனி நூலாகவே எழுதினார்.

1919 செப்டம்பரில் குஜராத்தி 'நவஜீவன்' இதழும், அதற்கு அடுத்த மாதம் ஆங்கில 'யங் இந்தியா'வும் காந்தியின் பொறுப்பில் அகமதாபாத்திலிருந்து வரத் தொடங்கியபின், ஒரு மொழியில் எழுதப்பட்டது மற்றொன்றில் அன்றாடம் பெயர்க்கப்பட வேண்டியதாயிற்று. 1921 இறுதியில் அலகாபாத்தின் 'இண்டிபெண்டெண்ட்' நாளிதழின் ஆசிரியர் ஜார்ஜ் ஜோசப் கைதானபோது, அப்பொறுப்பை ஏற்றவர் மகாதேவ். (மதுரையில் வழக்கறிஞராக இருந்து, குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கொடுமைக்கு எதிராகக் கள்ளர் மக்களுக்குத் துணைநின்றதால் 'ரோசாப்பூ துரை' என்று இன்றும் அவர்களால் நினைக்கப்படுபவர் இந்த ஜார்ஜ் ஜோசப்.) அரசு அச்சிடுவதைத் தடுத்தபோது, இதழைக் கையால் எழுதிப் படியெடுத்து வெளியிட்ட மகாதேவுக்கு ஓராண்டுச் சிறை கிடைத்தது.

இப்பணிகளுள் மிகுந்த பொறுமையை வேண்டியது காந்தியின் தன்வரலாற்றின் ஆங்கில ஆக்கம். 1925 நவம்பர் முதல் 1929 பிப்ரவரி வரை 'நவஜீவன்' இதழில் வாரந்தோறும் வந்த குஜராத்தி அத்தியாயங்கள், உடனுக்குடன் ஆங்கிலமாகி 'யங் இந்தியா'வில் இடம்பெற்றன. மூல ஆசிரியர் அருகிலேயே இருந்து திருத்தங்களைப் பார்த்தது மொழிபெயர்ப்பாளருக்கு அரிதாகவே வாய்க்கும் நிலை. குஜராத்தி மூலத்தின் தலைப்பு 'சத்யனா பிரயோகோ அதவா ஆத்மகதா', அதாவது 'சத்தியத்தின் சோதனைகள் அல்லது தன்வரலாறு' என்று சோதனையை முன்வைக்கிறது. ஆங்கிலத்தில் தன்வரலாறு முன்னுக்கு வந்து சோதனை பின்னுக்குப் போயிற்று. உலகம் இந்நூலை ஒரு மனிதரின் கதையாகப் படிக்கப் பழகியதில் இந்த இடமாற்றத்துக்கும் பங்குண்டு என்றே கருத வேண்டியிருக்கிறது.

ஐந்தாம் பகுதியின் 29 முதல் 43 வரையுள்ள அத்தியாயங்களை மட்டும் காந்தியின் மற்றொரு செயலரான பியாரேலால் பெயர்த்தார். அவ்வேளையில் மகாதேவ் பர்தோலியில் இருந்தார். அங்கே 22 விழுக்காடு நிலவரி உயர்வை எதிர்த்து 1928இல் உழவர்கள் வல்லபாய் படேலின் தலைமையில் வரிகொடா இயக்கம் நடத்தியதன் விளைவாக அமைந்த புரூம்ஃபீல்டு விசாரணைக் குழுவின் முன்பு, ஊர் ஊராகக் கணக்குகளைத் திரட்டி உழவர் தரப்பை எடுத்துவைப்பதில் அவர் ஈடுபட்டிருந்தார். உழவர் வாய்மொழியாகச் சொன்னது அதிகாரிகள் ஏற்கும் சான்றாக மாறியது, உயர்வு 6.03 விழுக்காட்டுக்கு இறங்கியது. மேசையில் செய்த பெயர்ப்பும் களத்தில் செய்த இந்தப் பெயர்ப்பும், சொன்னவரின் சொல்லைக் கூட்டாமலும் குறைக்காமலும் மற்றவரிடம் சேர்ப்பது என்ற ஒரே கடமையின் இரு வடிவங்களே.

தன்வரலாற்றின் 1940ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்புக்காக ஆங்கிலத்தைச் செப்பம் செய்தவர், தம் பெயரை வெளியிடக்கூடாது என்று நிபந்தனை விதித்ததால், முன்னுரையில் மதிப்புக்குரிய நண்பர் என்று மட்டுமே குறிக்கப்பட்டார்; அவர் வலங்கைமானில் பிறந்த வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி. காந்தியின் அரசியலோடு பல இடங்களில் மாறுபட்ட மிதவாதி ஒருவர் அவருடைய நூலுக்காக இவ்வாறு உழைத்தது, கருத்து வேற்றுமை நட்பை முறிக்காத ஒரு பொதுவாழ்வின் அடையாளம்.

1942 ஆகஸ்ட் 9 அன்று காந்தியோடு கைதாகிப் புணேயின் ஆகா கான் மாளிகையில் வைக்கப்பட்ட மகாதேவ், ஆறு நாள் கழித்து 15ஆம் தேதி, ஐம்பதாம் வயதில் காலமானார். முந்தைய சிறைவாசம் ஒன்றில் அவர் ஆங்கிலத்தில் ஆக்கிய காந்தியின் கீதை உரை 1946இல்தான் நூலாயிற்று. எஞ்சியிருந்த நாட்குறிப்புகளைப் பதிப்பிக்கும் பொறுப்பு, முன்பு தாகூரின் இலக்கியக் கட்டுரைகளை மகாதேவோடு சேர்ந்து குஜராத்தியில் பெயர்த்த நண்பர் நரஹரி பாரிக்கிடம் வந்தது. அந்நாட்குறிப்புக்கு 1955இல் குஜராத்தி மொழிக்கான சாகித்திய அகாதமி விருது அளிக்கப்பட்டது.