சுர்க்கி முதல் சக்கைச் சாம்பல் வரை: கட்டமைப்புக் கான்கிரீட்டில் கழிவுப்பொருள்கள்

புனேயில் முலா, பவனா ஆறுகள் கூடுமிடத்தை ஒட்டிய தாபோடியில், தரைப்படைப் பொறியாளர்களைப் பயிற்றுவிக்கும் இராணுவப் பொறியியல் கல்லூரி 1948 முதல் இயங்கிவருகிறது. இந்தியாவில் இராணுவப் பொறியாளர்களின் கட்டுமான மரபு இக்கல்லூரியைவிடப் பழைமையானது; 1841இல் புனேயில் பிறந்த ஜான் பென்னிகுயிக் எழுப்பிய முல்லைப் பெரியாறு அணை அம்மரபின் பெருஞ்சான்று. கழிவென ஒதுக்கப்படும் பொருள் சுமைதாங்கும் கான்கிரீட்டில் இடம்பெற்ற வரலாற்றைத் தொடங்கவும் அந்த அணையே பொருத்தமானது. மலிவாகக் கிடைப்பதனால் மட்டும் எந்தக் கழிவும் அத்தகுதியைப் பெற்றதில்லை என்பதும், பதப்படுத்தும் முறையும் சோதனையும் விதியும் உருவான பின்னரே அது ஏற்கப்பட்டது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

சுர்க்கியின் காலம்

1895 அக்டோபரில் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் முகப்புகள் கருங்கல் கட்டுமானத்தாலும், உட்பகுதி சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கான்கிரீட்டாலும் ஆனவை. சுர்க்கி என்பது சுட்ட களிமண்ணின் பொடி. சூளைகளில் உடைந்தும் அரைவேக்காடாகவும் கழிக்கப்பட்ட செங்கற்களை இடித்து அதைப் பெறுவது வழக்கம். பெரும்பணிகளுக்கு அதற்கெனவே களிமண்ணைச் சுடுவதும் உண்டு. அளவாகச் சுட்ட களிமண்ணிலுள்ள சிலிக்கா நீரின் துணையுடன் சுண்ணாம்போடு வினைபுரிந்து பிணைப்புப் பொருளாக இறுகும். மிகையாக வெந்த கல்லின் பொடிக்கு அந்த வினைத்திறன் குன்றிவிடும். தானே இறுகாமல் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகும் இத்தகைய பொருள்களுக்கு, இத்தாலியின் போஸ்ஸுவோலி நகரத்து எரிமலைச் சாம்பலை ஒட்டிப் போஸலானா என்ற பொதுப்பெயர் வழங்குகிறது. 1904இல் சென்னையில் போர்ட்லண்ட் சிமெண்ட் உற்பத்தி தொடங்கி, பின்னர் நாடெங்கும் ஆலைகள் பெருகியதும், விரைவாக இறுகும் அப்புதுப்பொருளுக்கு முன் சுர்க்கி படிப்படியாகப் பின்வாங்கியது.

சாம்பல் சிமெண்டில் சேர்ந்தமை

போஸலானா என்ற கருத்து மட்டும் மறையவில்லை. சிமெண்ட் நீரோடு வினைபுரியும்போது சுண்ணாம்பு மிச்சமாக வெளிப்படுகிறது. சிலிக்கா மிகுந்த நுண்பொடி உடனிருந்தால் அம்மிச்சமும் பிணைப்புப் பொருளாக மாறி, கான்கிரீட்டின் நுண்துளைகளைக் குறைக்கிறது. நிலக்கரி அனல்மின் நிலையங்களின் உலர்சாம்பல் இப்பணிக்கு ஏற்றது. 1962இல் நிறைவுற்ற உத்தரப் பிரதேசத்தின் ரிஹண்ட் அணையில் சிமெண்டின் ஒரு பகுதிக்கு மாற்றாக உலர்சாம்பல் சேர்க்கப்பட்டது. 1966இல் அதற்கான இந்தியத் தரக்குறியீடு ஐ.எஸ். 3812 வெளிவந்தது. இன்று போஸலானா சிமெண்டில் அதன் அளவு 15 முதல் 35 விழுக்காடு வரை இருக்கலாம். கான்கிரீட்டுக்கான பொதுவிதியான ஐ.எஸ். 456, தனது 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் உலர்சாம்பலோடு உமிச் சாம்பலையும் இடம்பெறச் செய்தது.

வேளாண் கழிவுகளில் எரிப்பின் கட்டுப்பாடு இன்னும் முக்கியமானது. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு உமி; உமியை எரித்தால் அதன் எடையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு சாம்பல் எஞ்சும். மிதமான வெப்பத்தில் எரிந்த சாம்பலின் சிலிக்கா வினைத்திறன் மிக்கது. வெப்பம் மிஞ்சினால் அது படிகமாகித் திறனிழக்கும். கரும்புச் சக்கையை எரிபொருளாக்கும் சர்க்கரை ஆலைகளின் கொதிகலன் சாம்பலிலோ முழுதாக எரியாத கருநிற நார்த்துகள்கள் கலந்திருக்கும். அவை நீரை உறிஞ்சுவதோடு போஸலானா வினைக்கும் உதவுவதில்லை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பஹுருதீனும் மனு சந்தானமும் மேற்கொண்ட ஆய்வுகள், சாம்பலை 300 மைக்ரான் சல்லடையில் சலித்து நார்களை நீக்கியபின் சிமெண்டின் நுண்மைக்கு அரைத்தால் அது நல்ல போஸலானாவாகும் எனக் காட்டின. கரும்பு விளைச்சலில் முன்னணியிலுள்ள மகாராஷ்டிரத்துக்கு இம்முடிவு நேரடியாகப் பொருந்தும்.

இடிபாட்டிலிருந்து ஜல்லி

சாம்பல் சிமெண்டுக்கு மாற்றாகிறது. கட்டட இடிபாடு ஜல்லிக்கு மாற்றாகிறது. பழைய கான்கிரீட்டை உடைத்துப் பெறும் ஜல்லியைச் சுற்றிப் பழைய சாந்து ஒட்டியிருப்பதால், அது மலைக்கல் ஜல்லியைவிட மிகுதியாக நீரை உறிஞ்சும். கலவையின் நீரளவு அதற்கேற்பத் திருத்தப்படாவிட்டால் வலிமையும் வேலைத்திறனும் மாறுபடும். இக்காரணம் பற்றியே ஜல்லிக்கான தரக்குறியீடான ஐ.எஸ். 383 தனது 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் அதற்கு வரம்புடன் இடமளித்தது. கம்பியிட்ட கான்கிரீட்டில் எம்25 தரம் வரை 20 விழுக்காடும், கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 விழுக்காடும், எம்15க்குக் குறைந்த எளிய கான்கிரீட்டில் முழு அளவும் ஏற்கப்பட்டன. அதே 2016இல் கட்டுமான, இடிப்புக் கழிவு மேலாண்மை விதிகளும் நடைமுறைக்கு வந்தன.

முடிவுரை

சுர்க்கிக்குச் சூடு, உலர்சாம்பலுக்கு நுண்மை, சக்கைச் சாம்பலுக்குச் சலிப்பு, பழைய ஜல்லிக்கு நீரளவு என ஒவ்வொரு பொருளின் தகுதியும் ஒரு கட்டுப்பாட்டைச் சார்ந்தே நிலைத்துள்ளது. தாபோடியை உள்ளடக்கிய பிம்ப்ரி-சிஞ்ச்வட் போன்று விரைந்து இடித்துக் கட்டப்படும் நகரங்களில் கழிவுக்குப் பஞ்சமில்லை. இடிக்கும் இடத்திலேயே செங்கல், கான்கிரீட், மரம், ஜிப்சம் ஆகியவற்றைப் பிரித்தெடுப்பதும், ஒவ்வொரு தொகுதியையும் சோதித்து அதன் முடிவைக் கட்டுநரிடம் ஒப்படைப்பதுமே குறைவாக உள்ளன. பொறியியல் கல்வி இவ்விரண்டையும் தளத்திலேயே செய்து பழகும் கடமையாகக் கற்பிக்க வேண்டும். உறுதியான தரவு கையிலிருக்கும்போதுதான் வடிவமைப்பாளர் விதி அனுமதிக்கும் அளவுக்குக் கழிவைத் துணிந்து பயன்படுத்துவார்.