வாக்கில்லா இருக்கை

குற்றாலத்தில் சாரல் தவறும் ஆண்டில் சிற்றாற்றுப் பாசனத்தை நம்பிய கார் சாகுபடி தவறுகிறது. நிலமற்ற கூலியாளின் அடுப்பே முதலில் அணைகிறது. தென்காசி வட்டாரத்துக் குருவானவர் எவரும் இதனை அறிவர். உலக அரசுகள் கூடிக் காலநிலையைப்பற்றிப் பேசும் அவையில் அக்கூலியாளுக்காக வாய்திறப்பவர் யார்? அரசுப் பிரதிநிதிகள் ஒருபுறமிருக்க, அங்கே நோக்கர் எனப்படுவோரும் அமர்கின்றனர். நோக்கர் இருக்கை திருச்சபைக்குப் புதியதன்று.

1961இல் புதுதில்லியில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் மூன்றாம் பேரவை கூடியபோது, உரோமைச் சபை அதிகாரபூர்வமான நோக்கர் ஐவரை முதன்முறையாக அனுப்பிற்று. அடுத்த ஆண்டு தொடங்கிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் நம் சபைகளின் நோக்கர் அமர்ந்தனர். அவர்களுக்கு வாக்கில்லை, பொது அமர்வில் பேசும் உரிமையுமில்லை. ஆயினும் வரைவுகள் அவர்கள் கையிலும் தரப்பட்டன. கிறிஸ்தவ ஒருமைப்பாட்டுச் செயலகம் வாரந்தோறும் அவர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டது. பேசாதவரின் எண்ணம் பேசிய பேராயர் வாயிலாக அவையேறியதுண்டு.

1992இல் உருவான ஐக்கிய நாடுகளின் காலநிலை மாற்ற உடன்படிக்கையிலும், 7ஆம் பிரிவின்படி, இத்தகைய இருக்கை உண்டு. இது சபையிடம் பெற்ற கடனன்று, ஐ.நா. சாசனத்தின் 71ஆம் பிரிவு 1945இலேயே இதற்கு வழிவகுத்தது. தகுதியுள்ள அமைப்பு விண்ணப்பிக்கலாம். கூடியுள்ள நாடுகளில் மூன்றிலொரு பங்கு மறுத்தாலன்றி அனுமதி உண்டு. தனியாள் செல்ல இயலாது. உழவர், பழங்குடியினர், தொழிற்சங்கத்தார், பெண்கள், இளைஞர் எனத் தொடங்கி நோக்கருக்கு ஒன்பது தொகுதிகள் உள்ளன; சமய அமைப்புகளுக்கோ தனித்தொகுதி இல்லை.

2002இல் எட்டாவது காலநிலை மாநாடு புதுதில்லியில் நடைபெற்றது. 1961இல் பிறருக்கு நோக்கர் இருக்கை அளித்த மன்றம், அதே நகரில் தானே நோக்கராய் அமர்ந்து, மிகுதியும் பாதிக்கப்பட்டோருடன் ஒருமைப்பாடு கோரி அமைச்சர்களுக்கு அறிக்கை அளித்தது. 2009இல் கோப்பன்ஹேகனில் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு ஏறத்தாழ ஐந்து லட்சம் கையொப்பங்களை உடன்படிக்கைச் செயலரிடம் ஒப்படைத்தார். அம்மாநாட்டின் இறுதி நாட்களிலோ நோக்கர் பலர் வாயிலிலேயே நிறுத்தப்பட்டனர். அரசுகள் மனமுவந்து தரும் இருக்கை, நெருக்கடியில் முதலில் பறிபோகும் இருக்கையுமாகும்.

எனினும் வாயிற்காவலரை மட்டும் குறைகூறுதல் தகாது. வத்திக்கானில் அமர்ந்தோர் தம்மை அனுப்பிய சபைகளின் உள்ளத்தை அறிந்திருந்தனர். காலநிலை அவையில் அமரும் நோக்கருக்குத் தென்காசியின் நிலையை அறிவிப்பவர் யார்? தென்காசிச் சபை திருநெல்வேலித் திருமண்டலத்தைச் சேர்ந்தது. திருமண்டலம் தென்னிந்தியத் திருச்சபையின் அங்கம். அத்திருச்சபை உலக மன்றத்தின் உறுப்பு. ஏட்டளவில் பாதை அறுபடவில்லை. ஆனால் ஞானஸ்நானமும் திருமணமும் அடக்கமும் எழுதும் நம் சபைப் பதிவேடுகளில், சாரல் தவறிய ஆண்டுகளுக்கோ, சாரற்பருவத்திற்கு முன்னரே 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்ட வெள்ளத்திற்கோ ஒரு வரியும் ஒதுக்கப்படவில்லை.