அச்சும் இலக்கணமும்: தமிழர் இல்ல அலங்கார வரலாறு குறித்த ஒரு நோக்கு

இல்லத்தின் சுவரையும் தரையையும் வண்ணத்தாலும் வடிவத்தாலும் அணிசெய்தல் தமிழரின் நெடிய மரபாகும். நக்கீரரின் நெடுநல்வாடை, அரசியின் இல்லத்தை வருணிக்குமிடத்து வெள்ளிபோல் விளங்கும் சுதைப்பூச்சையும், செம்பினால் இயன்றது போன்ற சுவரையும், அச்சுவரில் வரைந்த பூங்கொடியையும் சுட்டுகிறது. ஒரு பொருளை மற்றொன்றாகத் தோன்றச் செய்யும் பூச்சுக்கலைக்கு இது பழஞ்சான்று. இம்மரபில் கையால் வரைதலுக்கும் அச்சால் பதித்தலுக்கும் இடையிலான உறவையும், ரொறன்ரோவில் அவ்வுறவு அடைந்துள்ள மாற்றத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நகரத்தார் எழுப்பிய செட்டிநாட்டு மாளிகைகளில், நுண்ணிதாக அரைத்த சுண்ணாம்புடன் முட்டை வெண்கரு சேர்த்துப் பல அடுக்குகளாகப் பூசித் தேய்த்தனர். சுவர் பளிங்கின் வழவழப்பைப் பெற்றது. தரைக்கு ஆத்தங்குடிக் கற்கள் பயன்பட்டன. கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, அதன் அறைகளுள் வண்ணச் சிமெந்துக் குழம்பைக் கையால் ஊற்றி, அச்சை நீக்கி, மேலே மணலும் சிமெந்தும் இட்டு, பின்னர் நீரில் ஊறவைப்பர். சூளையில் சுடாமலே, கண்ணாடியைத் தொட்ட முகம் பளபளப்புறும். இங்கு அச்சு எல்லையை வகுக்கிறது. வண்ணத்தைத் தேர்ந்து ஊற்றுவது கையே. அச்சு கைத்திறனுக்குப் பகையன்று என்பதற்கு இதுவே சான்று.

வாசற்கோலத்தின் இயல்பு வேறு. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974இல் வெளியிட்ட ஆய்வு, கோலங்களை முறையான இலக்கணங்களால் விளக்கலாம் எனக் காட்டியது. புள்ளி வரிசையையும் இழை வளையும் விதியையும் அறிந்த பெண், அவற்றைக் கொண்டு சிறியதையும் பெரியதையும் ஆக்குவாள். ஆகவே தாய் மகளுக்குக் கையளித்தது ஒரு படத்தையன்று. பல படங்களைப் பிறப்பிக்கும் விதியை. துளையிட்ட கோலக்குழலும் அச்சுத்தட்டும் ஸ்டிக்கர் கோலமும் விளைந்த வடிவத்தை மட்டுமே தருகின்றன.

1983 இனக்கலவரத்துக்குப் பின் ஈழத்தமிழர் பெருமளவில் ரொறன்ரோவில் குடியேறினர். ஊரில் தைப்பொங்கலன்று முற்றத்தை மெழுகி மாக்கோலமிட்ட வழக்கம், தை மாதம் பனி மூடும் நாட்டில் வீட்டுக்குள் புகுந்தது. மெழுகிய மண்தரைக்கு ஈடாக மரத்தரையும் அடுக்குமாடித் தளமும் அமைந்தன. அங்கே ஒட்டும் கோலமும் வண்ணப்பூச்சால் பதிக்கும் கோலமும் பொருத்தமாயின. அவை அழிவதில்லை, ஆதலின் மீண்டும் இடப்படுவதில்லை. செட்டிநாட்டில் சுவர் நிலைத்தது, வாசற்கோலம் நாள்தோறும் அழிந்து புதுப்பிக்கப்பட்டது. புலம்பெயர் இல்லத்திலோ கோலமும் சுவரின் நிலைபேற்றைப் பெற்றுவிட்டது. மறுபடி இடும் தேவை ஒழியும்போது கற்பிக்கும் வாய்ப்பும் ஒழிகிறது.

இதற்கு அச்சைப் பழித்துப் பயனில்லை. ஒன்ராறியோவில் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி சனவரி தமிழ் மரபுத் திங்களாகக் கொண்டாடப்படுகிறது. அத்திங்களில் முடிந்த கோலங்களைக் காட்சிக்கு வைப்பதோடு, அவற்றை இடும் முறையைப் பயிற்றுதலும் வேண்டும். பெண்கள் கட்டம் போட்ட கொப்பிகளில் வரைந்து வைத்த கோலங்களை ஆய்வு நூலகங்கள் ஆவணங்களாகச் சேர்த்தல் அவசியம். கொப்பியிலுள்ள படம் மட்டும் போதாது. எப்புள்ளியில் தொடங்கி எத்திசையில் கை செல்கிறது என்பதையும் வரைந்தவர் வாய்மொழியாகவே பதிவுசெய்தல் வேண்டும். விதி பதிவானால், வடிவங்களை அடுத்த தலைமுறை தானே ஆக்கிக்கொள்ளும்.